கணினித் தீநிரல்களும் நம் கவனக்குறைவும்: காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்த்து வருகிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து கணினியையும் கைபேசியையும் கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடையில் நின்றபடி சொல்லும் பதில் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடும் என்பதால், பொறுமையாகப் படித்துப் பார்க்கும்படி அவற்றை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

வைரஸ், மால்வேர், ரான்சம்வேர் என்றெல்லாம் சொல்கிறார்களே, இவை வேறு வேறா?

கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட எல்லா நிரல்களுக்கும் பொதுப்பெயர் மால்வேர். தமிழில் தீநிரல் என்கிறோம். வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். வேறு கோப்பு எதிலும் ஒட்டாமல் வலையமைப்பின் வழியே தானே பரவுவது வோர்ம் என்னும் புழு. நல்ல மென்பொருள்போல் வேடமிட்டு உள்ளே வருவது ட்ரோஜன். கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்பது ரான்சம்வேர். பழுதுபார்ப்பவனுக்கு இந்த வகைப்பாடு தேவை. பயன்படுத்துபவருக்கு அதைவிடத் தேவையானது, அது எந்த வழியாக உள்ளே வந்தது என்ற கேள்விக்கான விடை.

நான் எதையும் செய்யவில்லை. பிறகு எப்படி என் கணினிக்குள் வைரஸ் வந்தது?

பெரும்பாலும் நீங்கள் ஏதோ ஒன்றைச் சொடுக்கியிருப்பீர்கள். சொடுக்கியபோது வழக்கத்துக்கு மாறாக எதுவும் நடக்காததால் அது நினைவில் இல்லை. நம் ஊரில் இன்றும் நான் மிகுதியாகப் பார்க்கும் ஷார்ட்கட் வைரஸை வைத்தே இதை விளக்கலாம்.

கல்லூரி மாணவர் ஒருவர் ப்ராஜெக்ட் அறிக்கையை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். அந்தக் கடையின் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடைய பென்டிரைவ் ஏறி இறங்குகிறது. அவருடைய பென்டிரைவை ஒருமுறை என் மேசையில் திறந்து பார்த்தேன். உள்ளே நான்கு கோப்புறைகள், அவர் வைத்த அதே பெயர்களோடு இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடப்பக்கக் கீழ்மூலையிலும் வளைந்த அம்புக்குறி ஒன்று சிறியதாகத் தெரிந்தது; அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஓரிரு கிலோபைட்தான். அவை கோப்புறைகளே இல்லை, வெறும் குறுக்குவழிகள். உண்மையான கோப்புறைகளுக்குத் தீநிரல் மறைவுக் குறி இட்டுக் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டு, அதே பெயரில் இந்தக் குறுக்குவழிகளை வைத்திருந்தது. அதைச் சொடுக்கினால் முதலில் தீநிரல் இயங்கிக் கணினிக்குள் தன்னைப் பதித்துக்கொள்ளும், அடுத்த நொடியே உண்மையான கோப்புறையும் திறந்துகொள்ளும். தேடிய கோப்பு கிடைத்துவிட்டதால் மாணவருக்கு எந்த ஐயமும் எழவில்லை. அன்றிரவே அந்தப் பென்டிரைவ் அவருடைய அப்பாவின் கடையில் டேலி கணக்கு இருக்கும் கணினிக்குப் போயிருக்கிறது. மறுநாள் ஜிஎஸ்டி விவரங்களை எடுத்துக்கொண்டு வந்த ஆடிட்டர் அலுவலகப் பென்டிரைவிலும் அது ஏறியிருக்கிறது.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே ஆட்டோரன் வசதி வழியாகத் தீநிரல் இயங்கிவிட வாய்ப்பு இருந்தது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி, விஸ்டா இரண்டுக்கும் புதுப்பிப்பு அனுப்பி, பென்டிரைவுகளுக்கான அந்த வாசலை அடைத்தது. அதற்குப் பிறகு தீநிரல் எழுதுபவர்களுக்கு நம்முடைய சொடுக்கு தேவைப்பட்டது. அம்புக்குறி போட்ட கோப்புறையை நம் கையாலேயே சொடுக்க வைக்கும் இந்தத் தந்திரத்தை அவர்கள் பெரிதும் நம்பியதற்கு அதுவே காரணம்.

இப்படி நேர்ந்துவிட்டால் பென்டிரைவை உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கோப்புகள் அழியவில்லை, ஒளிந்துதான் இருக்கின்றன. தீநிரலை ஸ்கேன் செய்து நீக்கிவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற, கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில் அட்ரிப் (attrib) கட்டளையால் மறைவுக் குறியை எடுத்துவிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அச்செடுக்க வேண்டிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிக் கடையில் எடுத்துக்கொள்வது இதைவிட நல்லது. அப்போதும், கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழையாமல், கடையின் முகவரிக்கு உங்கள் கைபேசியிலிருந்து அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் உறவினர் எண்ணிலிருந்தே திருமண அழைப்பிதழ் வந்தது. திறந்ததும் பணம் போய்விட்டது. அது எப்படி நடக்கும்?

செட்டிநாட்டில் திருமண அழைப்பு என்றால் அதை யாரும் ஒதுக்கிவைப்பதில்லை. ஊர் முழுக்கவும் உறவு முழுக்கவும் அழைப்பு போகும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு இப்போது வாட்ஸ்அப்பில்தான் முதல் தகவலே வருகிறது. அழைப்பைப் பார்க்காமல் விட்டால் மரியாதைக் குறைவு என்ற நம் மனப்பாங்கு மோசடிக்காரருக்கு வசதியாகப் போய்விட்டது.

வந்தது அழைப்பிதழ் இல்லை. அழைப்பிதழ் என்று பெயரிடப்பட்ட, ஏபிகே என முடியும் ஒரு கோப்பு. ஆண்ட்ராய்டு கைபேசியில் ஏபிகே என்பது ஒரு செயலியை நிறுவும் பொதி. அதைத் தொட்டவுடன் கைபேசி நம்மைத் தடுக்கத்தான் செய்கிறது. தெரியாத மூலத்திலிருந்து வரும் செயலிகளை நிறுவ அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி காட்டுகிறது. அமைப்புகளுக்குள் போய் அந்த அனுமதியை நாம்தான் கொடுக்கிறோம். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று அந்தச் செயலி கேட்கும், அதற்கும் அனுமதி கொடுக்கிறோம். சில செயலிகள் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள அக்சஸிபிலிட்டி வசதியையும் கேட்கும். அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதைப் படிக்கவும், நம் விரலுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். இதன்பின் வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணைச் செயலி படித்து, முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பிவிடுகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லையே என்று பலர் கண்கலங்கிச் சொல்வது உண்மைதான். அவர்கள் வாயால் சொல்லவில்லை. படிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள்.

உறவினர் எண்ணிலிருந்து வந்ததும் இதன் தொடர்ச்சியே. அவருடைய கைபேசி முன்பே பாதிக்கப்பட்டிருக்கும். அதன் வழியாக அவருடைய வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றியவர்கள், அவருடைய தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் அதே கோப்பை அனுப்புகிறார்கள். இதே கோப்பு போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான் உதவித்தொகை, வங்கி கேஒய்சி என்று வேறு பெயர்களிலும் வருகிறது.

மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே: அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், காணொளியாக வரும். எந்த அழைப்பிதழும் நிறுவச் சொல்லிக் கேட்காது. ‘இன்ஸ்டால்’ என்ற சொல் திரையில் தெரிந்த கணத்தில் கையை எடுத்துவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். அழைப்பைக் கேட்டு வாழ்த்துச் சொன்னதாகவும் இருக்கும்.

கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பின்னொட்டைப் பாருங்கள் என்கிறீர்கள். என் கணினியில் அது தெரிவதே இல்லையே?

விண்டோஸ் அதை இயல்பாகவே மறைத்துவைக்கிறது. இது பழைய குறை, இதனால் விளைந்த கேடு பெரிது. 2000ஆம் ஆண்டு மே 4 அன்று, ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்போடு உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் பரவியது. பிலிப்பைன்ஸில் எழுதப்பட்ட அந்தப் புழு, பெற்றவர் தமக்கு வந்த காதல் கடிதம் என்று நம்பும்படி ஒரு இணைப்புக் கோப்பைக் கொண்டிருந்தது. கோப்பின் முழுப்பெயர் டிஎக்ஸ்டி (உரைக்கோப்பு) என்றும் அதற்குப் பின் விபிஎஸ் (இயங்கும் நிரல்) என்றும் இரண்டு பின்னொட்டுகளோடு இருந்தது. கடைசிப் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிட்டதால், பார்த்தவர்கள் அதைச் சாதாரண உரைக்கோப்பு என்றே எண்ணித் திறந்தார்கள். திறந்தவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. ஒரே நாளில் அது கண்டம் விட்டுக் கண்டம் தாண்டியது.

விண்டோஸ் 11இல் எந்தக் கோப்புறையையாவது திறந்து, மேலே ‘வியூ’, அதற்குள் ‘ஷோ’, அதற்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பில் என்று வந்த கோப்பு பிடிஎஃப் என்று முடிந்து அதற்குப் பின் இஎக்ஸ்இ (இயங்கும் நிரல்) என்றும் இருந்தால், அதைத் திறக்காமல் அழித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் பயனரின் கவனக்குறைவே காரணம் என்று சொல்வது நியாயமா?

முழு நியாயம் இல்லை. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ‘உங்கள் கவனக்குறைவுதான்’ என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிடுவதால் பலர் உண்மையை மறைக்கப் பழகிவிட்டார்கள்.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை ரான்சம்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். 150க்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகள் முடங்கின, பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது பரவுவதற்கு யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கையில் இருந்த மருந்தைப் போடாமல் விட்டது கவனக்குறைவுதான். அந்தக் கவனக்குறைவு கணினிமுன் அமர்ந்திருந்த செவிலியருடையதா, கணினிகளைப் பராமரிக்க வேண்டிய நிர்வாகத்துடையதா?

அடுத்த மாதமே, 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வந்தது. உக்ரைனில் வரிக்கணக்குக்காகப் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்புக்குள்ளேயே அதைச் செருகிவிட்டார்கள். ஒழுங்காக அப்டேட் செய்தவர்கள் அதனாலேயே பாதிக்கப்பட்டார்கள். உலகின் பெரிய கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. இதில் பயனரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே நான் பார்த்தவரை, கவனக்குறைவு ஒருவருடைய குணத்தில் இல்லை. பெரும்பாலும் அவசரத்திலும், நம்பிக்கையிலும், பெரியவர் சொன்னதை மறுக்க முடியாத தயக்கத்திலும் இருக்கிறது. கடையில் கூட்டம் நிற்கும்போது, முதலாளி பக்கத்தில் நின்று சீக்கிரம் என்று சொல்லும்போது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பையன் எந்தப் பெட்டியையும் படித்துப் பார்க்க மாட்டான். அவனைத் திட்டினால் அடுத்தமுறை மறைப்பான்.

அப்படி மறைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு மொத்த வியாபாரக் கடையில், கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர் விலைப்பட்டியல் என்று வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்துவிட்டார். திரையில் கறுப்புப் பெட்டி ஒன்று தோன்றி மறைந்தது. தவறு நடந்துவிட்டது என்று அவருக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது, ஆனால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி யாரிடமும் சொல்லவில்லை. கோப்புகள் பூட்டப்பட்டது இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில். வெள்ளிக்கிழமை மாலையே அந்த ஒரு கணினியின் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கியிருந்தால் மற்ற நான்கு கணினிகளும் தப்பியிருக்கும். அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். தவறைச் சொன்னவரைத் திட்டுவதில்லை என்ற வழக்கம் அந்தக் கடையில் இல்லாமல் போனதே பெரிய குறை.

ரான்சம்வேர் பூட்டிவிட்டது. கேட்கும் பணத்தைக் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உறுதி இல்லை, ஒருமுறை கட்டியவரிடம் மறுமுறையும் வருவார்கள். முதலில் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை அணையுங்கள். திரையில் தெரியும் மிரட்டல் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தில், சில வகை ரான்சம்வேர்களுக்கான திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லா வகைக்கும் இல்லை. ஆனால் இன்று இல்லாத திறவுகோல் சில மாதங்களில் வந்ததும் உண்டு என்பதால், பூட்டப்பட்ட கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைப்பது நல்லது.

உண்மையான மீட்பு பேக்கப் என்னும் நகல் மட்டுமே. நம் ஊருக்கு இது புதிய செய்தி இல்லை. நம் முன்னோர் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில், அங்கே எழுதிய கணக்கு அங்கேயே கிடக்கவில்லை. ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்காக எழுதப்பட்டு ஊருக்கு வந்துகொண்டிருந்தது. கடை ஓரிடம், கணக்கின் படி வேறிடம். கணினித் துறையில் இதையே மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்று சொல்கிறார்கள். ஆனால் நம் கடைகளில் நடப்பது என்ன? டேலி பேக்கப்பை அதே கணினியின் டி டிரைவில் வைக்கிறார்கள், அல்லது வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி ஆண்டு முழுவதும் கணினியிலேயே செருகிவைத்திருக்கிறார்கள். ரான்சம்வேர் தன் கண்ணில் படும் எல்லா டிரைவையும் பூட்டும். பேக்கப் எடுத்து முடித்ததும் வட்டைக் கழற்றி, பெட்டகத்திலோ பீரோவிலோ வைத்துப் பூட்டுங்கள். மாதம் ஒருமுறையாவது அந்தப் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்துபாருங்கள். திறக்காத பேக்கப்பை மூன்று ஆண்டுகளாக நம்பியிருந்தவர்களை நான் அறிவேன்.

ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அது போதாதா?

ஓரளவு உதவும். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்தாலே போதும் என்பது என் கருத்து. இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக நிறுவாதீர்கள், ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு கணினி நகராது. எந்த ஆன்டிவைரஸும் நீங்களே ‘அனுமதி’ என்று அழுத்தியதை மீறி நிற்காது.

ஆல்பம் வடிவமைப்பு மென்பொருளையும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் கிராக் செய்து, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி உரிமப் பூட்டை உடைத்துத் தருகிறார்கள். அதில் என்ன கெடுதல்?

கிராக் கோப்போடு வரும் குறிப்பைப் படித்துப் பாருங்கள். நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்பவரை வீட்டு விஷயத்தில் நாம் நம்புவோமா? உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல்கள் பரவும் முக்கிய வழிகளில் கிராக் மென்பொருளும் ஒன்று. என் தொழிலில் இருப்பவர்கள் பலர், நானும் தொடக்க ஆண்டுகளில், வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக இதைச் செய்து கொடுத்திருக்கிறோம். அது தவறு; இப்போது செய்வதில்லை. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கிறது, படங்களைத் திருத்த கிம்ப் இருக்கிறது. யூனிகோட் தமிழ் விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

விண்டோஸ் 7 நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற்ற வேண்டும்?

ஓடும். ஆனால் 2020 ஜனவரி 14 அன்று அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுப் பயனர்களுக்கு நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினியை மாற்ற வசதி இல்லையென்றால், அதை இணையத்தோடு இணைக்காமல் தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வேலையை அதில் செய்யவே வேண்டாம்.

ஊரில் பூட்டியிருக்கும் வீட்டுக்குக் கேமரா போட்டிருக்கிறோம். அதிலும் வைரஸ் வருமா?

வரும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் பெரிய வீட்டை ஆண்டில் பெரும்பகுதி பூட்டிவைத்துவிட்டு, சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்து கைபேசியில் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தக் கேமராவும் அதன் பதிவுப்பெட்டியும் சிறிய கணினிகளே. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் இப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அதற்குப் பெரிய சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை; தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்குச் சற்று மேற்பட்டவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு உரிய எண் முகவரிகளைக் காட்டித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் வழங்கிகளை (சர்வர்களை) தாக்கியதில், ட்விட்டர் முதலிய பெரிய தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் திறக்கவில்லை.

வாயிலில் மூன்று பூட்டுப் போடும் வீட்டில், கேமராவுக்கு மட்டும் ‘அட்மின்’ என்ற பெயரும் அதே கடவுச்சொல்லும் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கேமரா பொருத்த வருபவர் முன்னிலையிலேயே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். புதிய கடவுச்சொல் அவருக்கும் தெரிய வேண்டியதில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளி இணையத்திலிருந்து கேமராவுக்கு நேர்வழி விடும் வசதி, திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்?

இந்த வட்டாரத்தில் நான் அடிக்கடி பார்ப்பது, குடும்ப விலாசமாகப் பெயருக்கு முன் போடும் முதலெழுத்துகளோடு பிறந்த ஆண்டைச் சேர்த்த கடவுச்சொல். விலாசம் வீட்டு முகப்பிலும் திருமண அழைப்பிதழிலும் இருக்கிறது. பிறந்த ஆண்டு அறுபதாம் கல்யாண அழைப்பிலிருந்து தெரிந்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு வேறாக வையுங்கள். நினைவில் நிற்காது என்றால் நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டிவைக்கலாம். திரையின் ஓரத்தில் ஒட்டிவைப்பதுதான் கூடாது.

கணினித் திரை முழுவதும் சிவப்பாக மாறி, ஒரு எண்ணைக் கூப்பிடச் சொல்கிறது. என்ன செய்வது?

கூப்பிடாதீர்கள். அது பெரும்பாலும் முழுத்திரையில் விரிந்த ஓர் இணையப் பக்கமே. ஆல்ட், எஃப்4 விசைகளை ஒன்றாக அழுத்துங்கள். மூடவில்லையென்றால், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்துங்கள். கூப்பிட்டால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அப்போதுதான் உண்மையான கேடு தொடங்கும்.

பணம் போய்விட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்? என் தவறு என்று வங்கி சொல்லிவிடாதா?

கைபேசியை உடனே ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிட்டு, வேறொருவர் கைபேசியிலிருந்து, சைபர் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க அவர்களால் முயல முடியும் என்பதால், இங்கே நிமிடங்களுக்கு மதிப்பு உண்டு. அதே கையோடு வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம்.

பொறுப்பு யாருடையது என்பதைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதில் சொன்னது இது; இப்போதைய விதியை உங்கள் வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால் ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகை அவருடையது. ஆனால் ரகசிய எண்களைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவரையே சேரும். தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். கவனக்குறைவு என்ற சொல்லுக்கு இங்கே ரூபாயில் மதிப்பு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தன்மீது தவறு இருக்கிறது என்று நினைப்பவர்தான் எல்லாரையும்விட முதலில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் அவர்தான் வெட்கப்பட்டு ஒரு வாரம் காத்திருக்கிறார், அந்த வாரத்துக்குள் இரண்டாவது முறையும் பணம் போகிறது.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். ஊரில் தனியாக இருக்கும் ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும் என்ன செய்து கொடுப்பது?

எதையும் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. பேரப்பிள்ளை படத்தைத் திறக்காமல் அவர்களால் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் கைபேசியில் தெரியாத மூலச் செயலிகளுக்கான அனுமதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் படங்களும் கோப்புகளும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு அந்த ஆறு இலக்க எண்ணை நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியமும் வைப்புநிதி வட்டியும் வரும் கணக்கைக் கைபேசியோடு இணைக்காமல், அன்றாடச் செலவுக்கு மட்டும் சிறு தொகையோடு வேறொரு கணக்கை யுபிஐக்கு வைத்துக்கொடுங்கள்.

கடைசியாக, ஐயம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சொல்லிவையுங்கள். கோட்டையூர் ஆச்சி ஒருவர் வீட்டில், தொலைபேசி வைக்கும் மாடத்துக்கு மேலே மகன் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்த தாளில் மூன்று எண்கள் இருந்தன: அவருடையது, பக்கத்து வீட்டுப் பையனுடையது, 1930. அதற்குக் கீழே, ‘எந்த நேரமானாலும் கூப்பிடலாம் ஆத்தா, நான் கோபப்பட மாட்டேன்’ என்று எழுதியிருந்தார். சென்ற ஐப்பசியில் வங்கி கேஒய்சி என்று ஒரு கோப்பு வந்தபோது, ஆச்சி கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தத் தாளைப் பார்த்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து முதல் எண்ணை அழைத்தார். அப்போது மகன் இருந்த ஊரில் இரவு இரண்டு மணி.